முள்ளுக்குள் முளைக்கும் காடு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எங்கள் மூன்றரை ஏக்கரைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதம். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் இல்லை. பொதுவாகப் பயன்படுவதை எடுத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வனத்துறைக்காரன் இல்லை. பள்ளியில் தாவரவியல் நடத்தியவன். மரக்காணத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் நாற்றங்கால் வைத்திருக்கிறவன். எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் இந்தக் கடற்கரைக் காடுதான். மலைக்காட்டுக் கேள்விகளுக்குப் படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர், பதினைந்து வருஷமாகத் தரிசு. சூரை, காரை, களா என்று ஒரே முள். ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணி ஆயிரம் நாட்டு மரக்கன்று வைக்க நினைக்கிறோம். என்னென்ன மரம் வைக்கலாம்? – ஒரு வாசகர், திண்டிவனம்

ஜேசிபிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள். கொடுத்திருந்தால் அந்தப் பணத்தில் வேலிக்குழி தோண்டச் சொல்லுங்கள்.

நீங்கள் முள் என்று எழுதியிருக்கும் மூன்றும்தான் உங்கள் காட்டின் முதல் வரிசை. சூரைக்கும் காரைக்கும் களாவுக்கும் தின்னக்கூடிய பழம் உண்டு. பழம் இருந்தால் கொண்டைக்குருவி வரும், மைனா வரும், குயில் வரும். வருகிற குருவி வெறும் வயிற்றோடு வராது. எங்கேயோ தின்ற நாவலையும் வேம்பையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வந்து உங்கள் முள்மேல் உட்கார்ந்து எச்சமிடும். விதை புதருக்குள் விழுகிறது. அங்கே நிழல் இருக்கிறது, சருகு இருக்கிறது, மண் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆடு வாய் வைக்க முடியாது. நாலைந்து வருஷத்தில் முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரு வேப்பங்கொழுந்து தலை நீட்டும். அது வளர்ந்து நிழல் விழுந்தால் அடியில் இருக்கும் காரையும் களாவும் வெயில் இல்லாமல் தானாக நலிந்துபோகும். சூரை மட்டும் கொடியாகி மேலே ஏறிக்கொள்ளும், அது பிழைக்கத் தெரிந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விதம் கொஞ்சம் கேவலமானது. நிலம் வாங்கிய புதிதில் கிழக்குப் பக்கம் ஒரு ஏக்கரை நானும் இப்படித்தான் வழித்தேன். பள்ளியில் வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் ‘செடியினங்கள் ஒன்றையடுத்து ஒன்று வரும்’ என்று நடத்தியவன்தான். சொந்த நிலம் என்று வந்ததும் புதரைப் பார்த்தால் கை அரித்தது. வண்டி ஓட்டிய தம்பி மண்ணுக்குள்ளிருந்து கட்டை கட்டையாகப் புரட்டிப் போட்டார். குடம் பருமனில் முண்டும் முடிச்சுமாக ஒரு வேர்க்கட்டை. அதன் தலையில் பென்சில் கனத்துக்கு ஏழெட்டுப் பச்சைத் துளிர், எதிரெதிராகத் தடித்த இலை. ‘நல்லா எரியும் சார்’ என்றார். ஒரு டிராக்டர் லோடு விறகுக்குக் கொடுத்தேன்.

அது காசா. நம் இலக்கியத்தில் காயா என்று வருகிறதே, ‘காயாம்பூ வண்ணன்’ என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்த நீலப் பூவின் மரம். விறகுக்காக வெட்ட வெட்ட, கரும்புக்கு மறுதாம்பு விடுகிற மாதிரி அந்தக் கட்டை துளிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே இடுப்பளவு புதர், கீழே எத்தனை தலைமுறை வயதோ தெரியாத வேர். காடு மண்ணுக்கடியில் உட்கார்ந்து காத்திருந்தது. நான் விறகுக்கு விற்றேன். அந்த ஒரு ஏக்கரில் நானூறு கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கோடை தாண்டியபோது எழுபதுதான் நின்றது. கையில் காசில்லாமல் வழிக்காமல் விட்ட மேற்குப் பக்கம் இன்று அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு நிற்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மார்கழியில், மழை ஓய்ந்து மண் இன்னும் இளகியிருக்கும்போது, ஒரு பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துத் துண்டாக எடுத்துக்கொண்டு போங்கள். முள்ளை விலக்கிப் பார்த்து, முள் இல்லாத ஒவ்வொரு செடிக்கும் ஒரு துண்டு கட்டுங்கள். வெட்டுக்கட்டையில் துளிர் இருந்தால் அதற்கும். புடவை பற்றாமல் போக வாய்ப்பு அதிகம். அப்புறம் வேலி. பக்கத்து வீட்டுக்காரர் ஆடு வைத்திருந்தால் அவரோடு சண்டை வேண்டாம், ஒரு ஓரத்தை மேய்ச்சலுக்கென்று விட்டுவிடுங்கள், அவருக்கும் பிழைப்பு.

இரண்டு மழைக்காலம் பொறுங்கள். நாவலும் வேம்பும் வெப்பாலையும் தானாக வரும். பக்கத்தில் தாய்மரம் இல்லாததால் வராமல் போகிறவை இருக்கும்: வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை. அவற்றை மட்டும் வாங்கி, வெட்டவெளியில் இல்லாமல் முள்நிழலில் வையுங்கள். நூறு கன்று போதும். நாற்றங்கால்காரன் நானே தொள்ளாயிரம் கன்று வியாபாரத்தை விட்டுச் சொல்கிறேன், நம்புங்கள்.

ஒரு காடு முழுசாகத் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்? என் ஆயுசுக்குள் பார்க்க முடியுமா? – ஒரு வாசகி, சென்னை

நிழல் வேண்டுமென்றால் எட்டுப் பத்து வருஷம். காடு என்றால், வயதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பொட்டல். மழைத்தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு ஓடி, ஆள் மறைகிற பள்ளங்களாக அறுத்துப் போட்டிருந்தது. அங்கே வந்தவர்கள் மரத்துக்கு முன்னால் மண் வரப்புப் போட்டார்கள், மழை விழுந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று. பிறகு எது பிழைக்குமோ அதை வைத்தார்கள். அதில் முக்கியமானது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேலமரம், அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ். வேகமாக வளரும், சருகு கொட்டும், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ‘உழைக்கிற மரம்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதன் நிழலில் நம்ம ஊர் மரங்களை வளர்த்தார்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அந்த வேலமரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. நாலு நாள் கழித்து நான் போனபோது பாதையே இல்லை, எல்லாரும் ரம்பத்தோடு நின்றார்கள். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் சாய்ந்து கிடந்த மரத்துக்கு நடுவே குனிந்து பார்த்தால், அடியில் வருஷக்கணக்காக நிழலில் சும்மா நின்ற நாட்டுக்கன்றுகளுக்கு அன்றுதான் முதல்முறையாக வெயில் விழுந்திருந்தது. அடுத்த இரண்டு மழைக்குள் அவை போட்ட வளர்ச்சியை நானே போய்ப் பார்த்தேன்.

இதனால் எல்லாரும் ஆஸ்திரேலிய மரம் வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே மண்ணே இல்லை, அதனால் தேவைப்பட்டது. உங்களிடம் மண்ணும் முள்ளும் இருந்தால் அந்த வேலையை முள் செய்துவிடும். உங்கள் கேள்விக்கு வருகிறேன்: ஐம்பது வருஷம் கழிந்த இடத்தில்கூட, பழைய கோயில்காட்டில் இருக்கிற பருத்த கொடியும் பொந்து விழுந்த மரமும் இன்னும் வரவில்லை. பொந்து இல்லையென்றால் ஆந்தைக்கு வீடு இல்லை. அதற்கு மரம் கிழடாக வேண்டும். கிழடாவதை யாரும் அவசரப்படுத்த முடியாது.

எங்கள் பள்ளியில் ஆயிரம் விதைப்பந்து செய்து மலையடிவாரத்தில் எறிந்தோம். எத்தனை முளைக்கும் சார்? – எட்டாம் வகுப்பு மாணவர், செஞ்சி

தம்பி, செய்தது நல்ல காரியம், கை நிறைய மண் பட்டதல்லவா. ஆனால் ஆசிரியர் என்பதால் பொய் சொல்ல மாட்டேன்: அதிகம் முளைக்காது.

எப்போது எறிந்தீர்கள், என்ன விதை என்று எழுதவில்லை. வேப்பங்கொட்டைக்கு உயிர் சில வாரம்தான். நாவல்கொட்டையைக் காயவைத்தாலே செத்துப்போகும். ஆனி, ஆடியில் பழம் விழும், உடனே முளைக்க வேண்டும். அடுத்த சுதந்திர தினத்துக்கு எறியலாம் என்று டப்பாவில் போட்டு வைக்க முடியாது. கல் தரையில் விழுந்த பந்தை எறும்பும் எலியும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வேலை சொல்கிறேன். வரும் ஆனியில் பத்து நாவல்கொட்டையைத் தின்ற கையோடு மண்தொட்டியில் ஊன்றி ஈரமாக வைத்துக்கொள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். எண்ணிப் பார்: பத்துக் கொட்டையிலிருந்து பத்துக்கும் மேல் செடி வந்திருக்கும். நாவலில் ஒரே கொட்டைக்குள் இரண்டு மூன்று கரு இருப்பது சகஜம். அவற்றைப் பிரித்து, ஐப்பசி மழையில் அதே மலையடிவாரத்தில் ஒரு புதருக்குள் நட்டுவிட்டு எனக்கு எழுது.

சீமைக் கருவேலத்தை முழுவதும் ஒழித்தால் நாட்டுக்காடு திரும்பிவிடுமா? – ஒரு வாசகர், ராமநாதபுரம்

வெட்டினால் ஒழியாது. தரைமட்டத்துக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் மொக்குகள் இருக்கும்; வேரோடு தோண்டி எடுக்காவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தோண்டி எடுத்த நிலத்தைச் சும்மா விட்டாலும், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையில் வரும். நெற்றைத் தின்ற ஆடு மாடு புழுக்கையோடும் சாணத்தோடும் புதிதாகக் கொண்டுவந்து போடும்.

ஒரே நாளில் மொட்டையடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். உங்கள் ஊரில் பழைய சீமைக் கருவேலக்காட்டின் அடியில் வேம்போ, உகாவோ, சங்கஞ்செடியோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால், அதைச் சுற்றி நாலைந்து கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள். அந்த வேம்பு நிழல் கட்டியதும் கருவேலத்தின் புது நாற்று அங்கே எழும்பாது. அதற்கு வெயில் இல்லாமல் முடியாது. கண்மாய்க்குள் வேறு கணக்கு, அங்கே முழுவதும் எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் அய்யனார் கோயில்காட்டில் மரங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் வருஷத்துக்கு வருஷம் வெளிச்சம் அதிகமாவது போல் தெரிகிறது. ஏன்? – ஒரு வாசகி, வானூர்

இந்த மாதம் வந்ததில் நான் இரண்டு முறை படித்த கடிதம் இது. ‘வெளிச்சம் அதிகமாகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கவனிப்பு.

அடுத்த முறை போகும்போது மேலே பார்க்காமல் முழங்கால் உயரத்துக்குப் பாருங்கள். அந்த உயரத்தில் வீரைக் கன்றோ காசாக் கன்றோ கண்ணில் படவில்லை என்றால், அது தாத்தா பாட்டி மட்டும் குடியிருக்கிற வீடு. கிழமரம் ஒவ்வொன்றாக விழுகிறது, அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை. காரணம் பெரும்பாலும் விளக்குமாறுதான். கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் சருகைக் கூட்டி எரிக்கிறார்கள், அடியில் முளைத்ததைக் ‘களை’ என்று கொத்துகிறார்கள், வண்டி நிறுத்தத் தரையை இறுக்கிச் சிமென்ட் போடுகிறார்கள். எல்லாம் பக்தியோடு செய்வதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டுக்குள் போயிருப்பீர்கள். பழைய காடு அடியில் எப்படி இருட்டாக, குனிந்து நுழைகிற மாதிரி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்தில் மிஞ்சியிருக்கிற இடங்களில் அது ஒன்று.

பூசாரியிடம் சூழலியல் பேசாதீர்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் முடித்தோம்: சந்நிதி, பொங்கல் வைக்கிற இடம், நடைபாதை மூன்றையும் தினமும் கூட்டிக்கொள்ளலாம், மண்குதிரை வரிசைக்குப் பின்னால் விளக்குமாறு போகக்கூடாது. ராத்திரி அய்யனார் வேட்டைக்குப் போகிற வழி அது, பெருக்குகிற இடமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். அதோடு தீர்ந்தது. ஆறு வருஷம் ஆகிறது, குதிரையின் வயிற்றுக்கு மேல் வந்துவிட்டன கன்றுகள். மண்குதிரை ஒன்றின் கால் வேரால் விரிசல் விட்டதற்காக இப்போது என்னிடம்தான் கணக்குக் கேட்கிறார்கள்.

கொடைக்கானலில் சீகை மரத்தை எல்லாம் வெட்டிவிட்டுச் சோலைக்காட்டை நடப் போவதாகப் பேசுகிறார்கள். புல்வெளியிலும் மரம் நடலாமா? – ஒரு வாசகர், வத்தலக்குண்டு

இரண்டு கேள்வி இருக்கிறது. புல்வெளிக்கு முதலில்: கூடாது.

சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் மலையுச்சி. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். அந்தப் புல் யாரோ காட்டை அழித்ததால் வந்தது என்று வெகுநாள் நினைத்தார்கள். நீலகிரியில் சதுப்பு நிலத்தின் கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்துக் கார்பனை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகள், கடந்த 20,000 வருஷத்தில் புல்லும் மரமும் மாறி மாறி ஏறி இறங்கியிருப்பதை 1993-இல் வெளியிட்டார்கள். காலநிலை வறண்டால் புல் பரவும், மழை கூடினால் மரம் பரவும். இன்றைக்கும் குளிர்காலத்து உறைபனி மேட்டிலுள்ள சோலைக் கன்றைக் கருக்கிவிடும். காட்டுப்பூவரசு மாதிரி ஒன்றிரண்டு மட்டும் புல்லுக்கு நடுவே தனியாக நிற்கும் தைரியம் உள்ளவை. நீங்கள் அங்கே சோலைமரம் நட்டால் ஒன்று பனியில் சாகும், பிழைத்தாலோ புல்லையே நம்பியிருக்கிற வரையாட்டுக்குக் கேடு.

அடுத்தது சீகை. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து வளர்த்த ஆஸ்திரேலிய மரம் அது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விட்டாலோ தீ வைத்தாலோ கீரை விதைத்த மாதிரி முளைக்கும். போன தடவை நான் வட்டக்கானல் பக்கம் நடந்தபோது, வயதான சீகைத் தோப்பின் அடியில் சோலைக் கன்றுகள் தானாகவே நிற்பதைப் பார்த்தேன். சோலைக் கன்று நிழலில் வளரும். சீகைக் கன்றுக்கு அந்த நிழல் ஆகாது. அப்படிப்பட்ட தோப்பை வெட்டாமல் விட்டாலே போதும், கிழட்டுச் சீகை விழ விழ சோலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புல்வெளி ஓரத்தில் முழம் உயரத்தில் புதிதாக முளைத்து வரும் சீகைக் கன்றுகள்தான் பிடுங்க வேண்டியவை. அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது என்பதால் ஆள் கிடைப்பதில்லை.

காட்டை மனிதர்கள் தொடாமல் விட்டால் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும்தானே? – ஒரு வாசகர், கூடலூர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. முதுமலையில் ஒரு கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர், அதாவது 50 ஹெக்டேர் காட்டை 1988-இல் அளந்து, விரல் கனத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார். அன்றிலிருந்து எது செத்தது, எது புதிதாக வந்தது என்று கணக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ரேஷன் கார்டு மாதிரி.

தொடங்கியபோது அங்கே மிக அதிகமாக இருந்தது கிடியா கலிசினா என்கிற சிறுமரம். யானைக்கு அது பிடித்துவிட்டது. ஒடித்து, உரித்துத் தின்று, கூடவே காட்டுத்தீயும் சேர, சில வருஷங்களிலேயே அதன் எண்ணிக்கை சரிந்துபோனது. கருமருதும் வெக்காலியும் பெரிய அசைவில்லாமல் நின்றன. 1988-இல் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ‘இதுதான் முதுமலைக் காடு’ என்று ஒருவர் படம் வரைந்திருந்தால், அந்தப் படம் பத்து வருஷம்கூடத் தாங்கியிருக்காது.

எங்கள் கொல்லையில் நிற்கும் பனைமரத்தின் கழுத்தில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பனைக்கு ஆபத்து என்கிறார்கள். வெட்டிவிடவா? – ஒரு வாசகி, குறிஞ்சிப்பாடி

நுங்கும் பதநீரும் எடுக்கிற மரம் என்றால் இப்போதே ஆள் ஏற்றி எடுத்துவிடுங்கள். ஆல் வேர் இறங்கிப் பனையைக் கட்டிக்கொண்டால், நாளடைவில் ஆல்தான் மிஞ்சும்.

பனையால் வரும்படி ஒன்றும் இல்லை என்றால் விடுங்கள். எங்கள் தெற்கு வரப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. பனையின் கழுத்தில் ஆல், ஆலுக்கு விழுது, விழுதில் எந்நேரமும் கிளியும் மைனாவும். அடியில் நான் ஒன்றும் நட்டதில்லை. போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். வேம்பு, நாவல், வெப்பாலை, காரை, களா, காட்டு எலுமிச்சை, எட்டி, ஒரே ஒரு வீரை. வீரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் நிலத்திலிருந்து வீரை மரம் ஒன்றரை மைல் தள்ளி, கோயில்காட்டில்தான் இருக்கிறது. ஒன்பதாவதாக இன்னொன்று, இரண்டு இலையோடு, இலை நுனி கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி. எது என்று இன்னும் பிடிபடவில்லை. இன்னும் நாலு இலை விடட்டும் என்று பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.